நான் மட்டும்!

ஒரு கதையின் குறையை அதன் தலைப்பே ஒப்புக்கொண்டுவிடுவது உலகத்தில் அபூர்வமாக நடக்கிற காரியம். கொரியா தேசத்துக் கதை ஒன்றுக்கு அந்தப் பாக்கியம் கிட்டியிருக்கிறது. கொரிய மொழியில் அதற்கு இட்ட பெயரைத் தமிழில் சொல்வதென்றால், "நான் மட்டும் படி ஏறுகிறேன்" என்று சொல்லலாம். மற்ற தேசங்களில் அது "ஸோலோ லெவலிங்" என்று வழங்குகிறது. ஜப்பானியர் அதை அனிமே என்னும் சித்திரப் படமாக எடுத்து, 2024-ஆம் வருஷம் ஜனவரியிலிருந்து மார்ச்சு வரையில் 12 பாகங்களும், 2025-இல் அதே மாதங்களில் 13 பாகங்களுமாக வெளியிட்டார்கள். 2025 மே மாதத்தில் டோக்கியோ நகரில் க்ரஞ்சிரோல் கம்பெனியார் நடத்திய விருது விழாவில், வருஷத்தின் சிறந்த அனிமே என்ற பரிசும் இதற்கே கிடைத்தது.

தமிழ்க் குரல் சேர்த்தும் இந்தப் படம் வந்துவிட்டது. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் தரையில் நூறு தண்டால் எடுத்துக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத யாரையோ பார்த்து, "எழுந்திரு!" என்று கட்டளையிட்டால், பெரியவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பிள்ளைகள் ஜின்வூ ஆகிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இத்தனை பேர் கொண்டாடும் படத்தைக் குறை சொல்லப் புகுவது துணிச்சலான காரியமென்று தெரியும். ஆயினும் இந்தப் படத்தை 25 பாகமும் பொறுமையாகப் பார்த்தவர்கள், முடிவில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. முதல் இரண்டு பாகங்களில் நாம் யாருக்காக மனம் பதைத்தோமோ, அந்த இளைஞன் பிற்பாடு எங்கே போய்விட்டான்?

கதையின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சூகொங் என்ற புனைபெயர் கொண்ட கொரிய எழுத்தாளர் இதை 2016-இல் தொடங்கிக் காகாவோபேஜ் என்ற இணையப் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். 2018 முதல் டுபு என்னும் ஓவியர் அதற்கு வர்ணச் சித்திரம் தீட்டினார். கதை தேச தேசாந்தரங்களில் பரவியதற்கு அந்தச் சித்திரங்களே முக்கிய காரணம். பாவம், தம்முடைய சித்திரங்கள் திரையில் அசைவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 2022-இல் காலமாகிவிட்டார். படத்தை எடுத்தவர்கள் ஏ-1 பிக்சர்ஸ் என்ற ஜப்பானியக் கம்பெனியார்.

ஜப்பான் நாட்டுப் பார்வையாளருக்கென்று ஒளிபரப்பிய பதிப்பில் சுங் ஜின்வூ என்ற கதாநாயகனின் பெயரையே மாற்றி, மிஸுஷினோ ஷுன் என்று வைத்துவிட்டார்கள். கதை நடக்கும் இடமும் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குக் குடி பெயர்ந்துவிட்டது. மூலக் கதையில் ஜப்பானிய வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவர் கொரியரைக் கைவிட்டுத் துரோகம் செய்கிறார். இந்தப் பகுதியை ஜப்பானியருக்கே காட்டுவதில் உள்ள தர்ம சங்கடம் நமக்கும் விளங்குகிறது. ஆனாலும் நாட்டை மாற்றியும் கதை அசையாமல் நிற்கிறதென்றால், அந்தக் கதைக்குள் நாடு எவ்வளவு தூரம் இருந்தது என்று சந்தேகம் வருகிறதல்லவா?

நிற்க. கதை நடக்கும் உலகத்தில் திடீர் திடீரென்று ஆகாயவெளியில் வாசல்கள் திறக்கின்றன. அவற்றுக்கு அப்பால் பாதாளக் குகைகளும் அரக்க ஜந்துக்களும் இருக்கின்றன. அவற்றை எதிர்க்கும் சக்தி சில மனிதருக்கு மட்டும் ஒரு நாள் எப்படியோ வந்துவிடுகிறது. அவர்களே வேட்டைக்காரர்கள். சக்தி வந்த நாளிலேயே அதன் அளவு நிச்சயமாகிவிடும். எத்தனை பாடுபட்டாலும் பிற்பாடு வளராது. அளவைப் பார்த்து அரசாங்கம் முத்திரை குத்துகிறது. உச்சியில் எஸ் வகுப்பு. அடிமட்டத்தில் ஈ வகுப்பு. தமிழில் அந்த எழுத்துக்கு உள்ள பொருளே அவர்களுடைய நிலைமைக்குப் பொருத்தமாய் அமைந்துவிட்டது.

சுங் ஜின்வூ அந்த ஈக்களிலும் கடைசி ஈ. "உலகத்திலேயே பலவீனமான வேட்டைக்காரன்" என்று அவனுக்குப் பட்டப் பெயர். தகப்பனார் ஒரு வாசலுக்குள் போனவர் திரும்பவில்லை. தாயார் கண் விழிக்காத உறக்க நோயால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தங்கையைப் படிக்க வைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாளும் அடிபட்டு ரத்தம் சிந்திச் சில்லறைக் காசு சம்பாதித்து வருகிறான்.

ஒரு நாள் பதினேழு பேர் கொண்ட கூட்டத்தோடு அவன் ஒரு குகைக்குள் போகிறான். அங்கே உள்ளுக்குள் இன்னொரு குகை தென்படுகிறது. போகலாமா, திரும்பலாமா என்று வாக்கெடுக்கிறார்கள். ஜின்வூ, போகலாம் என்று கை தூக்குகிறான். வீரத்தினால் அல்ல, தங்கையின் படிப்புச் செலவை நினைத்துத்தான். உள்ளே ஒரு கோயில். பிரம்மாண்டமான கல் விக்கிரகங்கள். கல்லில் பொறித்த கட்டளைகள். கட்டளையை மீறியவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் சாகிறார்கள். கட்டளையின் பொருளைக் கண்டுபிடித்து எஞ்சியவர்களைக் காப்பாற்றுகிறவன் இந்த ஏழைப் பையன்தான். அதற்குள் அவனுடைய கால் ஒன்று போய்விடுகிறது. கடைசியில் ஒருவர் உள்ளே தங்கினால்தான் மற்றவர் வெளியேறலாம் என்று ஆகும்போது, ஜூஹீ என்ற வைத்தியப் பெண்ணைக் கிழவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவன் தங்கிவிடுகிறான்.

தங்கிய பிறகு அவன் மகாத்மாவைப் போல் புன்னகை பூத்துக்கொண்டு சாகவில்லை. அழுகிறான், ஆத்திரப்படுகிறான், இன்னும் ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று ஏங்குகிறான். இந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "பலே!" என்று சொல்லாதவன் இரஸிகன் அல்ல. பலமில்லாதவன், பயந்தவன், பணத்துக்காக உள்ளே வந்தவன், ஆனாலும் நின்றான். ஒரு கதைக்கு வேறு என்ன மூலதனம் வேண்டும்?

அந்த மூலதனத்தைத்தான் மூன்றாவது பாகத்திலிருந்து செலவழிக்க ஆரம்பிக்கிறார்கள்.

செத்தான் என்று நினைத்தவன் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறான். கால் முளைத்திருக்கிறது. அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு நீலப் பலகை எதிரே மிதக்கிறது. "ஸிஸ்டம்" என்று அதற்குப் பெயர். அது தினந்தோறும் வேலை கொடுக்கும்: 100 தண்டால், 100 பஸ்கி, படுத்தபடி எழுந்து உட்காருவது 100 தடவை, 10 கிலோமீட்டர் ஓட்டம். செய்தால் பலம் கூடும். செய்யாவிட்டால் பூதாகாரமான பூரான்கள் திரியும் பாலைவனத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். உலகத்தில் வேறு எவருக்கும் வளராத சக்தி இவனுக்கு மட்டும் எண் எண்ணாக வளர்கிறது. சில பாகங்களுக்குள் ஆளே மாறிவிடுகிறான். உயரம் கூடுகிறது, முகவாய் கூர்மையாகிறது, பேச்சுக் குறைகிறது. பயமும் போய்விடுகிறது. பயம் போனபோது அதோடு இன்னும் பலவும் போய்விட்டன என்பதுதான் நம்முடைய வழக்கு.

கதாநாயகன் மகா பலசாலியாக இருப்பது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பாரதத்தையும் இராமாயணத்தையும் பரணில் ஏற்றிவிட வேண்டியதுதான். கர்ணனை நினைத்துப் பாருங்கள். உடம்போடு பிறந்த கவசம் இருக்கிற வரையில் அவனை யாராலும் வெல்ல முடியாது. ஆனால் அவன் கதையில் நம் நெஞ்சை அடைப்பது எந்த இடம்? கேட்கிறவன் இந்திரன் என்று தெரிந்தும் அறுத்துக் கொடுக்கிறானே, அந்த இடம். பலம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன தீர்மானித்தான் என்று பார்க்கிறோம்.

ஜின்வூ என்ன தீர்மானிக்கிறான்? ஹ்வாங் தோங்ஸுக் என்ற கயவனின் கூட்டம், ஜின்வூவையும் யூ ஜின்ஹோ என்ற பணக்கார வீட்டுப் பிள்ளையையும் ராக்ஷஸச் சிலந்திக்கு இரையாக விட்டுவிட்டுப் போகிறது. ஜின்வூ சிலந்தியைக் கொன்றுவிடுகிறான். திரும்பி வந்த கயவர்கள் ஜின்ஹோவைப் பார்த்து, "இவனைக் கொல், உன்னை விட்டுவிடுகிறோம்" என்கிறார்கள். ஜின்ஹோ நடுங்கிக்கொண்டே மறுத்துவிடுகிறான். அடுத்தாற்போல் வர வேண்டியது கதையின் மிகப் பெரிய கட்டம். அரக்க ஜந்துக்களை மட்டுமே கொன்ற ஜின்வூ முதன்முதலாக மனிதரைக் கொல்வானா? கொன்றால் அன்றிரவு தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பான்?

கதாசிரியர் இந்தக் கேள்வியை எழுப்புகிறார். உடனே தாமே அமுக்கியும் விடுகிறார். நீலப் பலகை தோன்றி, "எதிரிகளைக் கொல், தவறினால் உன் இருதயம் நின்றுவிடும்" என்று உத்தரவு போடுகிறது. தீர்ந்தது. கொன்றவன் ஜின்வூ, முடிவு செய்தது பலகை. பழியில் அவனுக்குப் பங்கில்லை. ஆகவே துக்கத்திலும் பங்கில்லை. "நான் மனிதரைக் கொன்றுவிட்டேன்" என்று தனக்குள் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறான். கதை மேலே நடக்கிறது. அந்தக் காட்சி முழுவதிலும் உண்மையில் ஒரு முடிவுக்கு வந்தவன் ஜின்ஹோ ஒருவனே. அவனைப் பிற்பாடு என்ன செய்தார்கள் தெரியுமா? கதாநாயகனின் பின்னால் "அண்ணா, அண்ணா" என்று ஓடிக் கண்ணை அகல விரிக்கும் விதூஷகனாக ஆக்கிவிட்டார்கள்!

ஜூஹீ கதை இன்னும் மோசம். கோயிலில் கண்டதை மறக்க முடியாமல், பயத்தினால் கைகால் விறைத்துப்போகும் பெண் அவள். அந்தப் பயம் உண்மையானது. அத்தகைய கொடுமையைப் பார்த்தவர் அப்படித்தான் இருப்பார். கொஞ்சம் பொறுமையோடு எழுதியிருந்தால், ஜின்வூ எதை இழந்துவிட்டான் என்பதைக் காட்டும் கண்ணாடியாக அவளை நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேட்டையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன் என்று அவள் விடைபெற்றுக்கொண்டதும், கதை அவளை மறந்துவிடுகிறது. அவளுடைய இடத்துக்குச் சா ஹேயின் என்ற எஸ் வகுப்பு வீராங்கனை வருகிறாள். வாள் வீச்சில் நிகரற்றவள். மற்ற வேட்டைக்காரரின் சக்தி அவளுக்குத் துர்நாற்றமாக வீசுகிறது; ஜின்வூவினிடம் மட்டும் நறுமணம் வீசுகிறது. இந்த 25 பாகங்களில் அவளுடைய மனத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு பெண்ணின் அன்புக்கு மூக்கைத் தவிர வேறு காரணம் தேட ஆசிரியருக்கு அவகாசம் கிடைக்கவில்லை போலும்.

மற்றப் பாத்திரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சங்கத் தலைவர்களும், படைத் தலைவர்களும், அயல்நாட்டு வீரர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரமித்து, "யார் இவன்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு கை தட்டும் கூட்டம் நாடகக் கொட்டகைகளில் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே அந்தக் கூட்டத்தை மேடை மேலேயே ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் குற்றத்தின் வேர் கொஞ்சம் புலப்படும். படி ஏறுதல், பலத்தை எண்ணால் அளத்தல் ஆகிய இவையெல்லாம் யந்திர விளையாட்டுகளிலிருந்து வந்தவை. ஜப்பானில் 1986-இல் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் முதலிய விளையாட்டுகள் அந்த முறையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. விளையாடுகிற பையன் மணிக்கணக்கில் பாடுபட்டு ஓர் எண்ணைக் கூட்டும்போது அடையும் ஆனந்தம் பொய்யல்ல. அது அவனுடைய உழைப்பின் கூலி. ஆனால் படம் பார்க்கிறவன் உழைக்கவில்லை. அவனுக்கு முன்னால் இன்னொருவனுடைய பாங்கிக் கணக்கை உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். இருப்பு ஏறிக்கொண்டே போகிறது. கேட்கக் குதூகலமாய்த்தான் இருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு?

தொடர்கதை எழுதுகிற தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் வாசகருக்கு ஏதாவது ஒரு தித்திப்பைக் கொடுத்தாக வேண்டும். இது வாரப் பத்திரிகைக்காரர்களாகிய நமக்குத் தெரியாத ரகசியம் அல்ல. பாத்திரத்தை வளர்ப்பது சிரமம்; எண்ணை வளர்ப்பது சுலபம்.

மகா பலசாலியை வைத்துக்கொண்டே நல்ல கதை சொல்லலாம் என்பதற்கு ஜப்பானிலேயே அத்தாட்சி இருக்கிறது. 2015-இல் மாட்ஹவுஸ் கம்பெனியார் எடுத்த "ஒன் பஞ்ச் மேன்" என்ற படத்தின் நாயகன் ஸைதாமா. எப்பேர்ப்பட்ட எதிரியையும் ஒரே குத்தில் முடித்துவிடுவான். அந்தப் பலம் எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு அவன் சொல்லும் மர்மம் என்ன தெரியுமா? தினம் 100 தண்டால், 100 பஸ்கி, 100 தடவை படுத்து எழுதல், 10 கிலோமீட்டர் ஓட்டம்! ஜின்வூவின் பலகை சொல்லும் அதே கணக்கு. அந்தப் படத்தின் மூலக் கதை 2009-இலேயே வெளிவந்துவிட்டது. அங்கே நகைச்சுவையாகச் சொன்னதை இங்கே வேத வாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் ஆழ்கடல் அரசன் என்னும் அசுரன் வருகிறான். பெரிய வீரர்கள் எல்லாரும் விழுந்த பிறகு, ஒருவன் ஸைக்கிளில் வந்து இறங்குகிறான். சாதாரண மனிதன், கடைசி வகுப்பு வீரன். தன்னால் முடியாதென்று அவனுக்கே தெரியும். கூடியிருக்கிற ஜனங்களுக்கும் தெரியும். இருந்தும் எழுந்து எழுந்து நிற்கிறான். அதன் பிறகுதான் ஸைதாமா வந்து ஒரே குத்தில் அசுரனை ஒழிக்கிறான். கூட்டத்தில் ஒருவன், "அப்படியானால் முன்னால் தோற்றவர்கள் எதற்கும் உதவாதவர்கள்தானே?" என்று வாய் கூசாமல் கேட்கிறான். ஸைதாமா உடனே, "அவர்கள் அடித்துக் களைக்க வைத்த எதிரியை நான் வந்து முடித்துப் பெயரைத் தட்டிக்கொண்டேன்" என்று பொய் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். குத்தை நாம் மறந்துவிடுவோம். அந்தப் பொய்யை மறக்க மாட்டோம்.

அதே கம்பெனியார் 2023 செப்டம்பரில் தொடங்கி 28 பாகங்களாக வெளியிட்ட "ஃப்ரீரென்" படமும் இப்படித்தான். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்த மந்திரக்காரி அவள். அவளுக்கு நிகர் வெகு சிலரே. ஆனால் உடன் சென்ற வீரன் ஹிம்மெல் கிழவனாகி இறந்த அன்று, பத்து வருஷம் கூடத் திரிந்தும் அவனை அறிந்துகொள்ள முயலவில்லையே என்று பிரேதத்தின் முன் நின்று அழுகிறாள். படம் முழுவதும் அந்தக் கண்ணீரின் பின்னால் நடக்கிறது. முன்னே சொன்ன விருதுக்குப் போட்டியிட்டவற்றில் இதுவும் ஒன்று. தீர்ப்பு ஜனங்களின் வாக்கையும் பொறுத்தது. அதைப் பற்றி வழக்காட நாம் வரவில்லை.

"சண்டையைப் பார்த்து மகிழ வந்தவர்களிடம் தத்துவ விசாரம் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயந்தான். சண்டைக் காட்சிகள் பிரமாதம் என்பதை ஒப்புக்கொள்ளத் தடையில்லை. செங்கவசம் பூண்ட இக்ரிஸ் என்ற வீரனோடு ஜின்வூ மோதும் கட்டத்தில் ஓவியர்களின் கை பம்பரமாய்ச் சுழல்கிறது. ஸவானோ ஹிரோயுகியின் சங்கீதம் ரத்தத்தைச் சூடேற்றுகிறது. ஆனால் அந்தச் சண்டை மட்டும் ஏன் மனத்தில் நிற்கிறது? அவன் அதில் தோற்றிருக்கக்கூடும் என்பதனாலேயே. பிற்பாடு வருகிற சண்டைகளில் நமக்கு உள்ள ஒரே சந்தேகம், எத்தனை நிமிஷத்தில் ஜயிப்பான் என்பது.

இதைவிட நம் மனத்தை உறுத்துகிற விஷயம் வேறு இருக்கிறது. ஒரு மனிதன் இன்ன வகுப்பு என்று ஒரே நாளில் முத்திரை குத்தி, சாகிற வரையில் அதை மாற்ற முடியாது என்று சொல்லும் சமூகத்தை இந்தக் கதை நமக்குக் காட்டுகிறது. ஈ வகுப்புக்காரர்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் குகைக்குள் போய்ச் சாகிறார்கள். பெரிய சங்கங்கள் கோடி கோடியாய்ப் பொருள் குவிக்கின்றன. சிறைக் கைதிகளைக் கூட வேட்டைக்கு அனுப்புகிறார்கள். பிறப்பினால் படி வகுத்த கொடுமையை அறிந்தவர்கள் நாம். இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் நமக்குச் சுருக்கென்கிறது. எத்தனை பெரிய கதை இதற்குள் கிடக்கிறது! ஆசிரியரோ, அந்தப் படிகளை யார் கட்டினார்கள் என்று கேட்கவில்லை. கடைசிப் படியில் கிடந்த ஒருவனுக்கு மட்டும் இரகசியமாக ஓர் ஏணி கொடுத்து மேலே ஏற்றிவிடுகிறார். ஏறியவன் ஒரு தடவையாவது கீழே திரும்பிப் பார்த்து, அங்கே கிடப்பவர்களுக்கு என்ன வழி என்று யோசிக்கிறானா? வீட்டாரைக் காக்கிறான், கண் முன்னே ஆபத்தில் இருப்பவர்களையும் காக்கிறான், மறுப்பதற்கில்லை. முத்திரை குத்துகிற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. அவனுக்கும் எஸ் என்று புது முத்திரை குத்துகிறார்கள், பேசாமல் வாங்கிக்கொள்கிறான்.

பரீட்சையிலும் உத்தியோகத்திலும் எவ்வளவு உழைத்தாலும் பலன் கிட்டுமா என்று ஏங்கும் இளைஞர்களுக்கு, உழைத்த அளவுக்கு எண் கூடும் என்று உறுதி சொல்லும் பலகை எத்தனை ஆறுதலாக இருக்கும் என்று நமக்கு விளங்காமல் இல்லை. கொரியாவிலும் இங்கேயும் அந்த ஏக்கம் ஒன்றுதான். அதனால்தான் அவர்களுக்கு இன்னும் நல்ல கதை கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

இதை எடுத்தவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது என்பதும் இல்லை. இரண்டாவது பருவத்தில், அரும்பாடுபட்டுச் சேர்த்த அமிர்தத்தைத் தாயின் வாயில் ஜின்வூ ஊற்றும் காட்சி இருக்கிறது. அவள் கண் திறந்ததும் அவன் குழந்தையைப் போல் அழுகிறான். எண்கள் மறைகின்றன, பழைய பையன் ஒரு நிமிஷம் திரும்பி வருகிறான்.

இன்னொரு காட்சி, ஜேஜூ தீவில். எறும்பு அரக்கர்கள் பிடித்துக்கொண்ட அந்தத் தீவுக்கு எஸ் வகுப்பு வீரர்கள் போகிறார்கள். அவர்களில் மின் பியொங்க்யூ என்ற வைத்தியன் ஒருவன். முந்திய படையெடுப்பின் துயரத்தால் வேட்டையை விட்டே ஒதுங்கியிருந்தவன். நண்பர்களுக்காகத் திரும்பி வருகிறான். எறும்பரசன் அவனைக் கொன்றுவிடுகிறான். சா ஹேயின் சாகக் கிடக்கிறாள். தாமதமாக வந்து சேர்ந்த ஜின்வூ எறும்பரசனை வீழ்த்துகிறான். செத்தவரை நிழலாக எழுப்பி அடிமை கொள்ளும் வித்தை அவனுக்குக் கைவந்திருக்கிறது. மின் பியொங்க்யூவை அவன் எழுப்புகிறான். நிழலான வைத்தியன் சா ஹேயினின் உயிரை மீட்டுத் தருகிறான். அப்படிப்பட்ட வைத்தியன் சேனையில் இருந்தால் ஜின்வூவுக்கு எத்தனை லாபம்! தோழர்கள் சூழ்ந்து நின்று பார்க்கிறார்கள். ஜின்வூ அவனை வைத்துக்கொள்ளவில்லை. விடுவித்துவிடுகிறான். எந்தப் பலகையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சிறிது நேரத்துக்கெல்லாம் எறும்பரசனுடைய பிணத்தின் முன்னால் வந்து நின்று, "எழுந்திரு!" என்கிறான். சேனையில் ஒன்று கூடிவிடுகிறது.